மின்னஞ்சல் தரவுக் கோப்பு இடமாற்றம்

மின்னஞ்சல் தரவுக் கோப்பு இடமாற்றம் என்பது, ஒரு கணினியில் மின்னஞ்சல் மென்பொருள் சேமித்து வைத்துள்ள மடல்களையும், அவை அடுக்கப்பட்டுள்ள கோப்புறைகளையும் புதியதொரு தரவுக் கோப்புக்குக் கொண்டு செல்லும் செயல் ஆகும். புதிய கணினி வாங்கும்போதும், மின்னஞ்சல் மென்பொருளை மாற்றும்போதும், பழைய தரவுக் கோப்பு நிரம்பிவிடும்போதும் இது தேவைப்படுகிறது.

இது ஒரு கோப்பை நகலெடுக்கும் எளிய வேலையாகத் தோன்றினாலும், பல வேளைகளில் ஒரு சேமிப்பு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாற்றும் வேலையாகவே அமைகிறது. அவ்வாறு மாற்றும்போது மடலின் நாள், இணைப்புகள், கோப்புறை அடுக்கு, தமிழ் எழுத்துகள் ஆகியவை எவ்வித எச்சரிக்கையும் இன்றிச் சிதையக்கூடும். இவற்றுள் சில சிதைவுகளைப் பின்னர் சரிசெய்யலாம். சிலவற்றைச் சரிசெய்ய இயலாது. ஏற்றுமதித் தொழில் மிகுந்த கோயம்புத்தூர், திருப்பூர், கரூர், ஈரோடு ஆகிய கொங்கு நாட்டு ஊர்களில் வணிக ஒப்பந்தங்கள் பலவும் மின்னஞ்சல் வழியே நிகழ்வதால், இவ்விடமாற்றம் அங்கு ஆவணப் பாதுகாப்பு தொடர்பான சிக்கலாகவும் விளங்குகிறது.

தரவுக் கோப்பின் அமைப்பு

மின்னஞ்சல் மென்பொருள் தான் பெறும் மடல்களைக் கணினியின் வன்தட்டில் ஒன்று அல்லது பல கோப்புகளாகச் சேமிக்கிறது. சேமிக்கும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். முதன்மையான வடிவங்கள் பின்வருமாறு:

1. பிஎஸ்டி வடிவம்: மைக்ரோசாஃப்ட் அவுட்லுக் பயன்படுத்தும் வடிவம். மடல்கள், கோப்புறைகள், தொடர்பு முகவரிகள், நாட்காட்டி, பணிக் குறிப்புகள் ஆகிய அனைத்தும் ஒரே கோப்பில் அடங்கியிருக்கும். இவ்வடிவத்தின் விவரக் குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2010ஆம் ஆண்டு வெளியிட்டது.

2. டிபிஎக்ஸ் வடிவம்: விண்டோஸ் எக்ஸ்பி வரையிலான இயங்குதளங்களில் இருந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பயன்படுத்திய வடிவம். ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு தனிக் கோப்பு இருக்கும். எந்தக் கோப்புறை எதனுள் அடங்கும் என்ற விவரம் மற்றொரு தனிக் கோப்பில் இருக்கும். பெயர் ஒத்திருப்பினும் அவுட்லுக்கும் அவுட்லுக் எக்ஸ்பிரஸும் வெவ்வேறு மென்பொருள்கள் ஆகும்.

3. எம்பாக்ஸ் வடிவம்: யூனிக்ஸ் கணினிகளில் தோன்றிய பழைய வடிவம். ஒரு கோப்புறையின் மடல்கள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே உரைக் கோப்பில் எழுதப்படும். 2004 டிசம்பரில் முதற்பதிப்பு வெளியான மொசில்லா தண்டர்பேர்டு இதனைப் பயன்படுத்துகிறது.

4. தனி மடல் கோப்புகள்: ஒவ்வொரு மடலும் ஒரு தனிக் கோப்பாக இருக்கும். விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த விண்டோஸ் மெயில் இம்முறையைப் பின்பற்றியது. மின்னஞ்சல் வழங்கிகள் பலவற்றில் பயன்படும் மெயில்டிர் வடிவமும் இத்தகையதே.

வடிவம் எதுவாயினும் இடமாற்றத்தின்போது மூன்று கூறுகள் இடம்பெயர வேண்டும். முதலாவது, மடலும் அதன் இணைப்புகளும். இரண்டாவது, கோப்புறை அடுக்கு. மூன்றாவது, மடலைப் பற்றிய தகவல்கள். வந்து சேர்ந்த நேரம், படிக்கப்பட்டதா, மறுமொழி அனுப்பப்பட்டதா, கொடியிடப்பட்டதா என்பன இவற்றுள் அடங்கும். முதல் கூறு சரியாக வந்துவிட்டாலே இடமாற்றம் முடிந்ததாகக் கருதுவது வழக்கமான தவறாகும்.

தரவுக் கோப்புக்கு வெளியே இருப்பவையும் உள்ளன. கணக்கு அமைப்புகளும் கடவுச்சொற்களும் கையொப்பங்களும் பெரும்பாலும் வேறிடத்தில் சேமிக்கப்படும். அவுட்லுக் எக்ஸ்பிரஸின் முகவரிப் புத்தகம் டபிள்யுஏபி என்னும் தனிக் கோப்பில் இருந்தது. முகவரியின் முதல் எழுத்துகளைத் தட்டியவுடன் முழு முகவரியைக் காட்டும் பட்டியலும் அவுட்லுக் 2007 வரை தனிக் கோப்பாகவே இருந்தது. தரவுக் கோப்பை மட்டும் கொண்டு சென்றால் இவை விடுபட்டுவிடும்.

கொங்கு நாட்டுப் பின்னணி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் நிறுவனம் 1995 ஆகஸ்டு மாதம் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் தொலைபேசி வழியே இணையத்தை அழைக்க வேண்டியிருந்ததால், இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் செலவு ஏற்பட்டது. எனவே மடல்களை விரைவாகக் கணினிக்குள் இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பின்னர் படிப்பதே சிக்கனமான முறையாக இருந்தது. பாப்3 எனப்படும் நெறிமுறை இத்தேவைக்குப் பொருத்தமாக அமைந்தது. இந்நெறிமுறையின் வழக்கமான பயன்பாட்டில், மடல் கணினிக்கு வந்தவுடன் வழங்கியில் இருந்து நீக்கப்பட்டுவிடும். அக்கால வழங்கிகளில் ஒரு பயனருக்குக் கிடைத்த இடம் சில மெகாபைட்டுகளே ஆகையால், நீக்குவதும் தேவையாகவே இருந்தது.

இதன் விளைவாக, அலுவலகத்தின் ஒரு மேசைக் கணினியில் உள்ள தரவுக் கோப்பே அந்த மடல்களின் ஒரே படியாக அமைந்தது. திருப்பூரின் பின்னலாடை, கரூரின் வீட்டுப் பயன்பாட்டுத் துணிகள், பொள்ளாச்சியின் தென்னை நார்ப் பொருட்கள், கோயம்புத்தூரின் பம்புகள், ஈரோட்டின் மஞ்சள் என வெளியூர், வெளிநாட்டு வணிகத்தையே நம்பிய தொழில்களுக்கு இது முக்கியமானதாகும்.

ஒரு பின்னலாடை ஆணையை எடுத்துக்கொண்டால், விலைப் பேச்சு, அளவுப் பட்டியல், துணி மாதிரிக்கான ஒப்புதல், லேப்-டிப் எனப்படும் சாய மாதிரிக்கான ஒப்புதல், அனுப்பும் நாள், கப்பல் ஆவணங்கள் என ஒவ்வொரு படியும் மடலாகவே பதிவாகிறது. எந்த நிறச் சாயலுக்கு எந்த நாளில் ஒப்புதல் தரப்பட்டது என்ற வினா எழும்போது அந்த மடலே சான்றாகும். இத்தகைய அலுவலகங்களில் வாங்குவோருக்கு ஒரு கோப்புறை, அதனுள் பருவத்துக்கு ஒன்று, அதனுள் ஆணைக்கு ஒன்று என அடுக்குவது இயல்பு. அவ்வடுக்கு கலைந்து மடல்கள் அனைத்தும் ஒரே கோப்புறையில் குவிந்துவிட்டால், எம்மடலும் தொலையாதிருந்தும் தேவையானதைக் கண்டெடுப்பது அரிதாகிவிடும்.

அளவு எல்லையும் இருவகைத் தரவுக் கோப்புகளும்

அவுட்லுக் தரவுக் கோப்பில் இரு வகைகள் உண்டு. 1997 முதல் 2002 வரையிலான பதிப்புகள் உருவாக்கியது ஆன்சி வகை எனப்படும். 2003 பதிப்பிலிருந்து உருவாக்கப்படுவது ஒருங்குறி வகை ஆகும். இரண்டுக்கும் கோப்பு நீட்சி ஒன்றே என்பதால் பெயரைக் கொண்டு வேறுபாடு அறிய இயலாது. மென்பொருளினுள் தரவுக் கோப்பின் பண்புகளைப் பார்த்தால், பழைய வகை '97-2002' என்ற குறிப்புடன் காட்டப்படும்.

ஆன்சி வகைக் கோப்பு 2 கிகாபைட்டுக்கு மேல் வளர இயலாது. தொடக்கப் பதிப்புகள் இவ்வெல்லையை நெருங்கும்போது பயனரைத் தடுக்கவில்லை. எல்லையைத் தாண்டிய கோப்பு திறக்க மறுக்கும். அதை மீட்பதற்கு மைக்ரோசாஃப்ட் ஒரு கருவியை வெளியிட்டது. எனினும் அக்கருவி கோப்பின் ஒரு பகுதியை வெட்டி நீக்கியே கோப்பைத் திறக்கச் செய்தது. வெட்டப்பட்ட பகுதியில் இருந்த மடல்கள் இழப்பே. ஒருங்குறி வகைக் கோப்பின் எல்லை 2003, 2007 பதிப்புகளில் 20 கிகாபைட்டு எனவும், 2010 பதிப்பு முதல் 50 கிகாபைட்டு எனவும் அமைக்கப்பட்டது.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மென்பொருளைப் புதுப்பித்தால் தரவுக் கோப்பு தானாகப் புதிய வகைக்கு மாறுவதில்லை. புதிய பதிப்பும் பழைய கோப்பை அதே பழைய வகையிலேயே திறந்து, அதிலேயே தொடர்ந்து எழுதும். எல்லையும் பழைய எல்லையாகவே இருக்கும். எனவே ஒருங்குறி வகைக்கு மாற விரும்புவோர், புதிய தரவுக் கோப்பு ஒன்றை உருவாக்கி அதற்கு மடல்களை இடமாற்ற வேண்டும். ஏற்கனவே உள்ள கோப்பை அப்படியே வகை மாற்றும் வழி இல்லை. ஒருங்குறி வகைக் கோப்பை 2002 அல்லது அதற்கு முந்தைய பதிப்புகளில் திறக்கவும் இயலாது.

தமிழ் எழுத்துகள் சிதைதல்

இடமாற்றத்தில் தமிழ்ப் பயனர்கள் எதிர்கொள்ளும் தனிச்சிக்கல் எழுத்துக் குறியாக்கம் ஆகும். கணினி ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாகவே சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்பாடே குறியாக்கம் எனப்படும்.

ஒருங்குறி 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழைக் கொண்டிருந்தது. ஆயினும் விண்டோஸ் 2000 இயங்குதளத்தில்தான் தமிழ் ஒருங்குறி ஆதரவு இடம்பெற்றது. அதற்கு முன்பும், அதற்குப் பின் சில ஆண்டுகளும் திஸ்கி, தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற டாம், டாப் ஆகிய குறியாக்கங்களிலும், பாமினி போன்ற எழுத்துருக்களிலும் தமிழ் மடல்கள் எழுதப்பட்டன. இவற்றில் தமிழ் எழுத்துகள் இலத்தீன் குறிகளுக்கு உரிய எண்களிலேயே அமர்ந்திருந்தன. உரிய எழுத்துரு இருந்தால் தமிழாகவும், இல்லையேல் பொருளற்ற இலத்தீன் குறிகளாகவும் தோன்றும்.

ஆன்சி வகைத் தரவுக் கோப்பு, கணினியின் அப்போதைய ஆன்சி எழுத்துத் தொகுப்பில் உள்ள குறிகளை மட்டுமே ஏற்கும். இந்தியக் கணினிகளில் அது பெரும்பாலும் விண்டோஸ்-1252 எனப்படும் மேற்கு ஐரோப்பியத் தொகுப்பு. தமிழுக்கென விண்டோஸில் ஆன்சி எழுத்துத் தொகுப்பு எதுவும் இல்லை. இதனால் இருவேறு வகையான சிதைவுகள் ஏற்படுகின்றன. இவற்றைப் பிரித்தறிவது இன்றியமையாதது.

முதல் வகை, குறிகள் மாறித் தோன்றுதல். ஒருங்குறியில் 'அ' என்னும் எழுத்தின் எண் 2949 ஆகும். யுடிஎஃப்-8 முறையில் அது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகளாக எழுதப்படும். மடலின் குறியாக்கம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால், மென்பொருள் இம்மூன்று பைட்டுகளையும் மூன்று தனித்தனி இலத்தீன் குறிகளாகக் காட்டும். ஒரு தமிழ்ச் சொல் நீண்ட குறிக் குவியலாகத் தெரியும். ஆயினும் எண்கள் அழியவில்லை. சரியான குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் மீளும். திஸ்கி மடல்களும் இத்தகையனவே. குறியாக்க மாற்றிகளின் உதவியால் அவற்றை ஒருங்குறிக்குக் கொண்டு வரலாம்.

இரண்டாம் வகை, கேள்விக்குறிகளாக மாறுதல். ஒருங்குறியில் எழுதப்பட்ட தமிழ்ச் சொல்லை ஆன்சி வகைக் கோப்பில் எழுத நேரும்போது, அத்தொகுப்பில் இல்லாத ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி எழுதப்படுகிறது. 'அ' இருந்த இடத்திலும் 'க' இருந்த இடத்திலும் ஒரே கேள்விக்குறி நிற்பதால், எது எதுவென்று அறிய வழியில்லை. இச்சிதைவை எந்த மென்பொருளாலும் சீர்செய்ய இயலாது. மடலின் பொருள் வரி, அனுப்புநர் பெயர், கோப்புறைப் பெயர், தொடர்பு முகவரிப் பெயர்கள் ஆகியவையே இதற்குப் பெரிதும் ஆளாகின்றன. ஹெச்டிஎம்எல் வடிவில் உள்ள மடலின் உடற்பகுதி மூல பைட்டுகளாகவே சேமிக்கப்படக்கூடும் என்பதால் பல வேளைகளில் தப்பிவிடுகிறது.

எனவே, திரையில் குறிக் குவியல் தெரிந்தால் அந்த மடலை அழித்துவிடக் கூடாது. கேள்விக்குறிகள் தெரிந்தால், பழைய மூலக் கோப்பிலும் அவ்வாறே உள்ளதா என உடனே பார்க்க வேண்டும். மூலக் கோப்பில் தமிழ் சரியாக இருந்தால், புதிய கோப்பு தவறான வகையில் உருவாக்கப்பட்டுள்ளது என்பது தெளிவு. அதை நீக்கிவிட்டு, ஒருங்குறி வகையில் மீண்டும் உருவாக்கலாம். மூலக் கோப்பு அதற்குள் அழிக்கப்பட்டிருந்தால் மீட்பு இல்லை.

உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் நடைபெற்றது. அதனுடன் இணைந்து தமிழ் இணைய மாநாடும் நடந்தது. மாநாடு தொடங்கிய ஜூன் 23 அன்று நாளிட்ட அரசாணையின் மூலம் தமிழ்நாடு அரசு, ஒருங்குறியையும் டேஸ்-16 எனப்படும் 16 பிட்டு அனைத்து எழுத்துக் குறியாக்கத்தையும் தமிழுக்கான தரங்களாக அறிவித்தது. இதன்பின் புதிய ஆவணங்கள் ஒருங்குறிக்கு மாறினாலும், முந்தைய ஆண்டுகளின் மடல்கள் பழைய குறியாக்கங்களிலேயே தரவுக் கோப்புகளில் தங்கியுள்ளன.

இடமாற்ற முறைகள்

நான்கு முறைகள் வழக்கில் உள்ளன.

கோப்பை அப்படியே நகலெடுத்தல்: பழைய கணினியிலும் புதிய கணினியிலும் ஒரே மென்பொருள் இருந்தால் இதுவே பாதுகாப்பானது. வடிவ மாற்றம் நிகழாததால் எதுவும் சிதையாது. மென்பொருளை முழுமையாக மூடிய பின்னரே நகலெடுக்க வேண்டும். தண்டர்பேர்டில் மடல் கோப்புகளுடன் எம்எஸ்எஃப் நீட்சி கொண்ட அட்டவணைக் கோப்புகளும் காணப்படும். இவை விடுபட்டாலும் மென்பொருள் அவற்றை மீண்டும் உருவாக்கிக்கொள்ளும்.

புதிய தரவுக் கோப்புக்கு மாற்றுதல்: ஒரே மென்பொருளில் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒருசேரத் திறந்து, கோப்புறைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுத்தல். அவுட்லுக்கின் இறக்குமதி வசதியும் இவ்வேலையைச் செய்கிறது.

வழங்கி வழியே மாற்றுதல்: பழைய மென்பொருளிலிருந்து மடல்களை ஐமேப் நெறிமுறை வழியே ஒரு வழங்கிக்கு ஏற்றி, புதிய மென்பொருளில் இறக்குதல். இரு மென்பொருள்களுக்கும் ஒன்றின் வடிவம் மற்றொன்றுக்குத் தெரியாதபோது இது பயன்படும். எனினும் வழங்கியின் இட அளவும் இணைய வேகமும் எல்லையாக அமையும்.

மாற்றி மென்பொருள்கள்: ஒரு வடிவத்தை நேரடியாக மற்றொரு வடிவமாக மாற்றுபவை. பிஎஸ்டி கோப்பைப் படிக்கும் லிப்பிஎஸ்டி என்னும் கட்டற்ற மென்பொருள் இத்தகையது. தமிழ் மடல்கள் உள்ள சிறு கோப்பு ஒன்றில் முதலில் சோதித்துப் பார்த்த பின்னரே இவற்றை முழுக் கோப்புக்குப் பயன்படுத்த வேண்டும்.

பழைய அவுட்லுக் கோப்பிலிருந்து புதியதற்கு மாற்றும் படிகள்

1. மென்பொருளை மூடிவிட்டு, பழைய தரவுக் கோப்பை வேறொரு வட்டுக்கு நகலெடுக்க வேண்டும். இந்த மூலப் படியை இறுதிவரை திறக்காமல் வைத்திருக்க வேண்டும்.

2. கோப்பில் பழுது இருந்தால், அவுட்லுக்குடன் வரும் பழுது நீக்கும் கருவியைக் கொண்டு அதைச் சீராக்க வேண்டும். இதை வேறொரு நகலின் மீதே செய்ய வேண்டும்.

3. மடல் வரவைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். இடமாற்றத்தின் நடுவே வரும் மடல்கள் பழைய கோப்பிலேயே தங்கிவிடக் கூடும்.

4. புதிய தரவுக் கோப்பை உருவாக்க வேண்டும். 2003, 2007 பதிப்புகளில் இரு வகைகளும் தெரிவாகக் காட்டப்படும். அவற்றுள் '97-2002' என்ற குறிப்பு இல்லாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

5. கோப்புறைகளை ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டும். 'நகர்த்து' என்பதைவிட 'நகலெடு' என்பதே ஏற்றது. நகர்த்தும்போது இடையில் மின்சாரம் நின்றால் மடல்கள் இரு கோப்புகளிலும் பாதி பாதியாகப் பிரிந்து கிடக்கும்.

6. உள்பெட்டி, அனுப்பியவை, வரைவுகள், நாட்காட்டி, தொடர்புகள் ஆகிய இயல்புக் கோப்புறைகளைக் கோப்புறையாக நகலெடுக்காமல், அவற்றின் உள்ளடக்கத்தை மட்டும் புதிய கோப்பின் அதே பெயருடைய கோப்புறைகளுக்கு நகலெடுக்க வேண்டும். இல்லையேல் உள்பெட்டிக்குள் மற்றோர் உள்பெட்டி உருவாகும்.

7. புதிய கோப்பை இயல்புத் தரவுக் கோப்பாக அமைத்து, மென்பொருளை மூடித் திறந்து, புதிய மடல்கள் அதில் வந்து சேர்கின்றனவா எனப் பார்க்க வேண்டும்.

சரிபார்த்தல்

இடமாற்றம் சரியாக நடந்ததா என்பதைக் கோப்பின் அளவைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. எம்பாக்ஸ் வடிவில் இணைப்புகள் பேஸ்64 என்னும் முறையில் எழுதப்படுகின்றன. அம்முறையில் 3 பைட்டுகள் 4 குறிகளாக விரிவதால், 30 மெகாபைட்டு நிழற்படங்கள் ஏறத்தாழ 40 மெகாபைட்டு இடம் எடுத்துக்கொள்ளும். பிஎஸ்டி வடிவில் இவ்விரிவு இல்லை. மேலும், மடல்களை அழித்தாலும் அவை இருந்த இடம் உடனே சுருங்காது; சுருக்கும் செயலை நிகழ்த்திய பின்னரே கோப்பு சிறியதாகும். ஆகவே புதிய கோப்பு பெரியதாகவோ சிறியதாகவோ இருப்பது தன்னளவில் பிழையன்று.

கோப்புறைக்குக் கோப்புறை மடல்களின் எண்ணிக்கையை ஒப்பிடுவதே நம்பத்தக்க வழியாகும். அதனுடன் பின்வருவனவற்றையும் பார்க்க வேண்டும்:

- ஒவ்வொரு கோப்புறையிலும் மிகப் பழைய மடலின் நாளும் மிகப் புதிய மடலின் நாளும் இரு கோப்புகளிலும் ஒன்றாக உள்ளனவா?
- சில பெரிய இணைப்புகள் திறக்கின்றனவா?
- பொருள் வரியில் தமிழ் உள்ள மடல்கள் படிக்கும்படி உள்ளனவா?
- தமிழில் பெயரிடப்பட்ட கோப்புறைகளும் தொடர்புகளும் சரியாக உள்ளனவா?

நேரிடும் பிழைகள்

நாள் மாறுதல்: மடலின் தலைப்பகுதியில் அனுப்புநரின் கணினி குறித்த நாள் இருக்கும். வந்து சேர்ந்த நாளை மென்பொருளோ வழங்கியோ தனியே குறித்துக்கொள்ளும். ஐமேப் வழியே ஏற்றும்போது இரண்டாவது நாள் சரியாகத் தரப்படவில்லை எனில், பல ஆண்டு மடல்கள் அனைத்தும் இடமாற்றம் நடந்த நாளில் வந்தனவாகக் காட்டப்படும். தலைப்பகுதியில் உள்ள நாள் மாறாததால், அதன்படி வரிசைப்படுத்தி இச்சிக்கலைத் தவிர்க்கலாம்.

கோப்புறைப் பெயர் உடைதல்: சில ஐமேப் வழங்கிகள் கோப்புறை அடுக்கைப் பிரிக்க முற்றுப்புள்ளியைப் பயன்படுத்துகின்றன. 'ஆர்.எஸ்.புரம் கிளை' என்ற கோப்புறையை அத்தகைய வழங்கிக்கு ஏற்றினால், வழங்கி அப்பெயரை ஏற்க மறுக்கலாம். அல்லது 'ஆர்' என்பதனுள் 'எஸ்', அதனுள் 'புரம் கிளை' என மூன்றடுக்காக உடைத்துவிடலாம். தமிழர் பெயர்களில் தலைப்பெழுத்துகளுக்குப் பின் புள்ளி இடும் வழக்கம் உள்ளதால் இப்பிழை எளிதில் நேரும். ஏற்றுவதற்கு முன் பெயரில் உள்ள புள்ளிகளை நீக்குவது நல்லது.

மடல்கள் இரட்டித்தல்: இறக்குமதியை இருமுறை செய்தால் ஒவ்வொரு மடலும் இருமுறை தோன்றக்கூடும். ஜிமெயில் கோப்புறைகளுக்குப் பதிலாகச் சிட்டைகளைப் பயன்படுத்துகிறது. ஒரே மடலுக்கு இரண்டு சிட்டைகள் இருந்தால், ஐமேப் வழியே இறக்கும்போது அது இரு கோப்புறைகளில் இரு படிகளாக வரும்.

வட்டின் எல்லை: பென் டிரைவ்கள் பலவற்றில் உள்ள ஃபேட்32 கோப்பு முறைமை, 4 கிகாபைட்டு அளவை எட்டும் தனிக் கோப்பை ஏற்காது. வட்டில் போதிய இடம் இருந்தும் நகலெடுப்பு தடைபட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். குறுந்தட்டிலிருந்து நகலெடுத்த கோப்புகள் 'படிக்க மட்டும்' என்ற பண்புடன் வருவதுண்டு. அப்பண்பை நீக்கும்வரை பழைய அவுட்லுக் பதிப்புகள் அவற்றைத் திறப்பதில்லை.

வலையமைப்பில் வைத்துப் பயன்படுத்துதல்: பிஎஸ்டி கோப்பை அலுவலகப் பொது வட்டில் வைத்து வலையமைப்பின் ஊடாகத் திறப்பதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் கோப்பு பழுதடையக்கூடும்.

சட்ட நோக்கு

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆவணங்களை மின்னணு வடிவில் பேணுவதற்கான நிபந்தனைகளை அதன் 7ஆம் பிரிவு வகுக்கிறது. பேணப்படும் தகவல் பிற்காலத்தில் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். அது உருவாக்கப்பட்ட, அனுப்பப்பட்ட அல்லது பெறப்பட்ட வடிவிலேயோ, அதனைத் துல்லியமாகக் காட்டுவது எனமெய்ப்பிக்கத்தக்க வடிவிலேயோ இருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது, எங்குச் சென்றது, எந்த நாளில் எந்த நேரத்தில் என்ற விவரங்களும் உடன் இருக்க வேண்டும். இடமாற்றத்தில் மடலின் நாள் மாறுவதும் தலைப்பகுதி தொலைவதும் வெறும் தோற்றக் குறைகள் அல்ல என்பது இதனால் விளங்கும்.

மின்னஞ்சல் பரிமாற்றத்தின் வாயிலாகவே ஒப்பந்தம் உருவாகலாம் என்பதை, டிரைமெக்ஸ் இன்டர்நேஷனல் எதிர் வேதாந்தா அலுமினியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியில் ஏற்றது. பாக்சைட்டுத் தாது வழங்குவது குறித்த அவ்வழக்கில், கையெழுத்திட்ட முறையான ஒப்பந்தம் இல்லாதபோதும், மடல்களில் நிகழ்ந்த முன்மொழிவும் ஏற்பும் போதும் என முடிவு செய்யப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்கும்போது சான்றிதழ் ஒன்று இணைக்கப்பட வேண்டும் என்கிறது. அச்சான்றிதழில் பதிவின் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். ஹாஷ் எண் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படுவது. ஒரு பைட்டு மாறினாலும் அது மாறிவிடும். வடிவம் மாற்றப்பட்ட கோப்பின் எண் மூலக் கோப்பின் எண்ணோடு ஒத்திருக்காது என்பதால், புதிய கோப்பு நன்றாக இயங்கினாலும் மூலக் கோப்பைக் காத்து வைப்பது பயனுடையதாகும்.

இன்றைய நிலை

மடல்கள் வழங்கியிலேயே தங்கும் முறை பரவலாகிவிட்டதால், அன்றாடப் பயன்பாட்டில் தரவுக் கோப்பின் இடம் குறைந்துள்ளது. ஆயினும் பழைய கோப்புகள் மறைந்துவிடவில்லை. அவற்றைத் திறக்கும் மென்பொருள்களே ஒவ்வொன்றாக மறைகின்றன. அவுட்லுக் எக்ஸ்பிரஸைக் கொண்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவுற்றது. விண்டோஸ் லைவ் மெயிலுக்கான ஆதரவு 2017 ஜனவரி 10 அன்றும், விண்டோஸ் 10இன் மெயில் செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31 அன்றும் முடிந்தன. அதற்கு மாற்றாக 2024இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த புதிய அவுட்லுக், தொடக்கத்தில் பிஎஸ்டி கோப்புகளைத் திறக்கும் வசதியின்றியே வெளியானது. அவ்வசதி பின்னர் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது.

எனவே நீண்ட காலம் பேண வேண்டிய மடல்களை, விவரக் குறிப்பு வெளியிடப்பட்டதும் பல மென்பொருள்களால் படிக்கத்தக்கதுமான வடிவங்களில் வைப்பது விரும்பத்தக்கது. எம்பாக்ஸும் தனி மடல் கோப்புகளும் இத்தகையன. சாதாரண உரைத் தொகுப்பியில் திறந்தாலும் இவற்றில் மடலின் தலைப்பகுதியைப் படிக்க இயலும். இவ்வாறு மாற்றிய படியுடன், மாற்றப்படாத மூலக் கோப்பும், அது எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பால் உருவாக்கப்பட்டது, தமிழ் மடல்கள் எந்தக் குறியாக்கத்தில் உள்ளன என்ற குறிப்பும் ஒன்றாக வைக்கப்பட வேண்டும். பல ஆண்டுகளுக்குப் பின் அக்கோப்பைத் திறப்பவருக்கு, திரையில் தெரியும் குறிக் குவியலுக்குள் தமிழ் உள்ளது என்பதை உணர்த்துவது அக்குறிப்பே ஆகும்.